விடுகைப் பத்திரம்

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டப் போறியளாமே?"

ஸ்கூல் வான் ஓடுகிற அண்ணன் கொழும்பின் காலி வீதியில் வைத்து இப்படிக் கேட்டபோதுதான் என் கணவருக்கே விஷயம் தெரிய வந்தது. 2022 ஜூன் மாதத் தொடக்கம். டீசலுக்கு வரிசையில் நின்று நின்று களைத்துப் போயிருந்த மனிதர் அவர். எத்தனை பிள்ளைகள் வருவார்கள், வானை ஓடுவதா விடுவதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மகளை இனிச் சேர்க்க வேண்டாம் என்று இரண்டு நாட்களுக்கு முன் நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். கணவரிடம் சொல்லவில்லை.

அன்றிரவு பிள்ளைகள் படுத்த பிறகு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வான்காரருக்குச் சொன்னனீர். எனக்கு ஏன் சொல்லேல்லை?"

சொல்லாமல் இருந்தேன் என்பதும் முழு உண்மையில்லை. சில கிழமைகளாக அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டிலேயே படிப்பிக்கலாம் என்று நான் சொல்வேன், அவர் வேண்டாம் என்பார், யாராவது ஒருவர் எழுந்து குசினிக்குப் போய்விடுவோம். பேச்சு அப்படித்தான் ஒவ்வொரு நாளும் அறுந்தது. ஒரு கட்டத்தில் நான் அவரைக் கேட்காமலே காரியத்தைத் தொடங்கினேன். பிள்ளையைப் பாடசாலையில் இருந்து விலக்கும் விடுகைப் பத்திரத்துக்கான படிவத்தை அங்கேயே வாங்கி, என் பக்கத்தை நிரப்பி, அலுமாரியில் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்புக்குள் வைத்திருந்தேன். தகப்பனின் கையெழுத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதையும் அன்றிரவே எடுத்துக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

இன்று நினைத்துப் பார்த்தால், அந்தச் சண்டையில் நான் செய்த பெரிய பிழை அதுதான். வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மகள் 2020 ஜனவரியில் தரம் 1இல் சேர்ந்தாள். இரண்டே மாதம். மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். அதன் பிறகு திறப்பதும் மூடுவதுமாக இரண்டு வருடம் போனது. 2021இல் சம்பளப் பிரச்சினைக்காக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் இணையவழி வகுப்புகளையும் நிறுத்தி வைத்தார்கள். வெள்ளவத்தையில் நாலாம் மாடி பிளாட்டில், சாப்பாட்டு மேசையில், கையில் ஒரு கைக்குழந்தையோடு நான்தான் அவளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே தமிழில் கிடைக்கும். அதை வைத்துத்தான் தொடங்கினேன். ஆனால் அவள் படித்தது பாதி அதில் இருந்து இல்லை.

எங்கள் பல்கணியில் நின்றால் கடற்கரை ரயில்பாதை தெரியும். ஊரடங்கில் ரயில் நின்றிருந்தது. திரும்ப ஓடத் தொடங்கியதும் அவள் ஒரு சீஆர் கொப்பியில் குறிக்கத் தொடங்கினாள். முதலில் பென்சிலால் ஒரு கோடு, ஒரு ரயிலுக்கு ஒரு கோடு. பிறகு எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி. பிறகு, "அம்மா, இப்ப எத்தனை மணி?" ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டு அலுத்துப்போய், சுவர் மணிக்கூட்டைத் தானே வாசிக்கப் பழகிவிட்டாள். அதற்குப் பிறகு, நேற்று வந்த நேரத்தையும் இன்று வந்த நேரத்தையும் எழுதி, எத்தனை நிமிடம் பிந்தியது என்று கழித்துப் பார்ப்பாள். 60இல் இருந்து கடன் வாங்கிக் கழிக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. 100இல் வாங்கிப் பார்த்து, விடை பிழைத்து, ஒரு பின்னேரம் முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தாள். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அழித்து அழித்து ஒரு இடத்தில் தாள் கிழிந்திருக்கும்.

2022 ஏப்ரலில் தரம் 3 தொடங்கியது. சில கிழமைகளில் ரயில் கொப்பி நின்றுபோனது. ஏன் என்று கேட்டேன். "ரைம் இல்லை அம்மா, பார்த்தெழுத நிறைய இருக்கு" என்றாள். வகுப்பில் மணிக்கூடு பார்க்கும் பாடம் நடந்த அன்று, தனக்கு அது தெரியும் என்று சொல்ல எழும்பியிருக்கிறாள். இருக்கச் சொல்லிவிட்டார்களாம். அந்த ரீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், இரண்டு வருடப் பாடம் பாக்கி, ஒரு வகுப்பறை. நானென்றாலும் இருக்கத்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் எனக்கு அவளை அங்கே விட மனம் வரவில்லை.

அவர் பக்கத்தையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று நான் அதை ஒழுங்காகக் கேட்கவில்லை.

அவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் வேலை. சட்டம், வர்த்தமானி, சுற்றறிக்கை என்று பார்ப்பவர். 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தில் இருந்து தொடங்குவார். கட்டாயக் கல்வி வயது முதலில் 5 முதல் 14 வரை இருந்தது, 2016இல் அதை 16 ஆக்கினார்கள், அந்த வயதுப் பிள்ளை பாடசாலைக்குப் போகாவிட்டால் பதில் சொல்ல வேண்டியது தாய் தகப்பன்தான் என்பார். நான் அமெரிக்கக் கதைகளை வாசித்துவிட்டு வந்து பேசுவேன். அங்கே எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. இங்கிலாந்தின் 1996 கல்விச் சட்டமும் பாடசாலையிலோ வேறு வழியிலோ கற்பிக்கலாம் என்றுதான் சொல்கிறது. "ஜேர்மனியில விடமாட்டாங்கள், அதையும் வாசிச்சனீரா?" என்பார் அவர். உண்மைதான், அங்கே விடுவதில்லை. இங்கே நாங்கள் தேடிய இடங்களில், வீட்டில் படிப்பிக்கிறோம் என்று போய்ப் பதிவதற்கு ஒரு கதவு கிடைக்கவில்லை. கொழும்பில் ஆங்கில மொழிமூலக் குடும்பங்கள் சில செய்கிறார்கள். கேம்பிரிட்ஜ், எடெக்செல் பரீட்சைகளுக்குப் பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகத் தனியாகத் தோற்றலாம். எங்களுக்கு மகள் தமிழில் படிக்க வேண்டும். அந்த ஒன்றில் மட்டும் எங்கள் இருவருக்கும் எப்போதும் ஒரே எண்ணம்.

"சரி, தரம் 3 வீட்டில. பிறகு?" இதுதான் அவருடைய கேள்வி. சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், சரி. விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம்? உயர்தரம்? லண்டன் உயர்தரம் எழுதினால் இசட் புள்ளி இல்லை. இசட் புள்ளி இல்லாமல் இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு எந்த வழியால் போவாள்? "உம்மால ஏலும். நீர் நல்லாப் படிப்பிப்பீர். எனக்கு அதில சந்தேகமில்லை. பிறகு என்ன செய்யிறதெண்டு சொல்லும்." என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாதபோது மனிதர் செய்வதைத்தான் நானும் செய்தேன். உங்களுக்குப் பிள்ளையைவிட ஊர்தான் முக்கியம் என்றேன்.

காசுப் பிரச்சினையும் இருந்தது. நான் வேலையை விட்டால் ஒரு சம்பளம். அந்த வருடம் சாமான் விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. ஒரு சம்பளத்தில் வெள்ளவத்தையில் வாடகை கட்டுவது எப்படி என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. இரவில் மின்பட்டியலுக்குப் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்ததை மட்டும் நான் கண்டிருக்கிறேன்.

வான்காரர் கேட்ட நாளுக்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சத்தமில்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள்: "அம்மா, நான் ஸ்கூலுக்குப் போனால் உங்களுக்குக் கவலை. போகாட்டில் அப்பாவுக்குக் கவலை. நான் என்ன செய்ய?" ஒரு கையில் சீப்பு, மறு கையில் அவள் பின்னல். நான் பின்னலை முடித்து, றிபன் கட்டி, திரும்ப அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

ஒரு பிள்ளையின் கேள்விக்கு இடம் வேண்டும் என்றுதான் நான் பாடசாலையோடு மோதினேன். அவளுடைய அந்தக் கேள்விக்கு என் வீட்டில் இடம் இருக்கவில்லை. தாயும் தகப்பனும் ஒத்துக்கொள்ளாமல் வீட்டில் பள்ளிக்கூடம் நடத்த முடியாது என்று அன்று எனக்கு விளங்கியது. பாடசாலையில் இருந்து பிள்ளை வீட்டுக்கு வரலாம். வீடே அப்படி ஆகிவிட்டால் அவள் எங்கே போவாள்?

அதற்குள் நாடே நின்றுவிட்டது. ஜூன் மூன்றாம் கிழமையில் எரிபொருள் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகளை மூடினார்கள். அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள், வீட்டில் ஏதாவது பயிரிடச் சொல்லி. நாலாம் மாடியில் என்ன பயிரிடுவது? இவர் பல்கணியில் இரண்டு வாளியில் மிளகாய் போட்டார். ஜூலை 25 பாடசாலைகள் திறந்தபோது கிழமைக்கு மூன்று நாள்தான் வகுப்பு. திங்கள், செவ்வாய், வியாழன். புதனும் வெள்ளியும் வீட்டில்.

எங்களுக்குள் எங்களால் பேசித் தீர்க்க முடியாததை எரிபொருள் தட்டுப்பாடு பாதிப் பாதியாகப் பிரித்துத் தந்தது. புதன்கிழமை நான். வெள்ளிக்கிழமை இவர் வீட்டில் நிற்பார், ஆகவே அவர் படிப்பிக்கட்டும் என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். படிப்பித்துப் பார்க்கட்டும், அப்போது தெரியும் என்று.

முதல் வெள்ளி சரிவரவில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டை ஒப்புவிக்கச் சொன்னார், அவள் அழுதாள், அவர் மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். இரண்டாம் வெள்ளி பெற்றோல் அடிக்க வேண்டியிருந்தது. கியூஆர் முறை அப்போதுதான் வந்த புதிது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வரிசை நீளம், அவளையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கதையை மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரிசையில் நின்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒரு லீற்றர் 450 ரூபா, நாலு லீற்றருக்கு 1,800. ஒரு லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினால் நாலுக்கு 180. அப்பாவின் கந்தோருக்குப் போய்வர ஒரு நாளைக்கு 20, நாலு நாளைக்கு 80. மிச்சம் 100. "அப்பா, யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?" ஏறக்குறைய 400. "அப்ப நாலு கிழமை சேர்த்தால் போகலாம்!" சேர்க்க முடியாது, கிழமை முடிந்தால் மிச்சம் அழிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். "அப்ப பெற்றோல் இல்லாட்டில் எப்பிடிப் போறது? நீங்கள் சின்னனில எப்பிடி வந்தனீங்கள்?"

"நடந்து" என்றிருக்கிறார்.

எனக்கு 1995 தெரியும். எங்கள் ஆட்களில் யாருக்குத் தெரியாது? ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் எழும்பி, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன கதை. இவருக்கு அப்போது பத்து வயது என்றும் தெரியும். பிறகு கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தார்கள் என்றும் தெரியும். கல்யாணம் கட்டிப் பத்து வருடத்தில் அவர் எனக்குச் சொன்னது அவ்வளவுதான். மகளுக்குச் சொன்னது வேறு.

"அப்பாவின்ட ஸ்கூலுக்குச் சுவரே இல்லையாம் அம்மா. ஒரு மரமாம். ரீச்சரும் இடம்பெயர்ந்து வந்தவவாம். முதல் நாள் ஒரு கொப்பியில எல்லாற்ற பேரையும் எழுதி, பக்கத்தில அவை முந்திப் படிச்ச ஸ்கூலின்ட பேரையும் எழுதினவவாம். ஒவ்வொரு நாளும் பேர் கூப்பிடேக்க ரெண்டையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாவாம்."

அன்றிரவு நான் அவரிடம் கேட்டேன். பல்கணியில் நின்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எங்களுக்கு அப்ப பங்கீட்டு அட்டையும் இல்லை. இருந்த வீட்டில நாங்கள் இருக்கிறதா ஒரு பதிவும் இல்லை. நாலு மாதம், எங்கட குடும்பத்தில ஒரு ஆளின்ட பேர் எழுதியிருந்த ஒரே இடம் அந்தக் கொப்பிதான். நீர் அந்தப் படிவத்தைக் காட்டினீர். எனக்கு வேற ஒண்டும் தெரியேல்லை. பிள்ளையின்ட பேரை வெட்டப் போறீர் எண்டு மட்டும்தான் தெரிஞ்சது."

அவருடைய தகப்பனின் கதையும் அதில் இருந்தது. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் அந்த மனிதர் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்திருப்பார், தபால் கந்தோரில் இருந்திருக்க மாட்டார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் எல்லாம் போயிருக்கிறது. காணி, வீடு, நகை. பள்ளிக்கூடத்தால் வந்தது மட்டும் போகவில்லை.

நானும் என்னுடையதைச் சொன்னேன். அதுவும் பத்து வருடத்தில் முதல்முறை. நான் உயரமான பிள்ளை, எப்போதும் கடைசி வாங்கு. தரம் 4இலும் 5இலும் எனக்குக் கரும்பலகை தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன், வெள்ளையாகப் புகை மாதிரி. இரண்டு வருட முன்னேற்ற அறிக்கையிலும் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. அம்மா அடித்தார். கடைசியில் கண்டுபிடித்தது அம்மம்மா. அரிசியில் கல் பொறுக்கச் சொல்லிச் சுளகைத் தந்தபோது நான் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனேனாம். "பிள்ளைக்குக் கண் தெரியேல்லையடி" என்றார். ஐம்பது பேர் இருந்த வகுப்பில் இரண்டு வருடம் ஒருவருக்கும் தெரியாதது, ஒரு சுளகு அரிசி பார்ப்பதற்குள் அம்மம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் என் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திருப்பித் தந்தார்.

இப்படிப் பேசியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆகவில்லை. ஆனால் அதுவரை நாங்கள் மகளைப் பற்றி ஒரு நாளும் சண்டை பிடிக்கவில்லை என்று விளங்கியது. ஒரு மரத்தடியும் ஒரு கடைசி வாங்கும்தான் சண்டை பிடித்தன. அதன் பிறகுதான் அவளைப் பார்க்கத் தொடங்கினோம்.

பார்த்தபோது நான் காணாதது ஒன்று இருந்தது. புதன்கிழமைகளில் அவளை எழுப்ப வேண்டும். திங்கள், செவ்வாய், வியாழனில் ஐந்தரைக்கே சப்பாத்தோடு நிற்பாள். ஒரு சிநேகிதி. வானில் அவளுக்கு இடம் பிடிக்க வேண்டும், அவளிடம் சொல்ல வேண்டிய கதைகள் இருக்கின்றன. எங்கள் மாடியில் அவள் வயதில் ஒரு பிள்ளை கூட இல்லை. நான் அவளுக்குக் கணக்கும் தமிழும் நன்றாகவே சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சிநேகிதியை என்னால் கொடுக்க முடியாது. அவரும் ஒன்றைக் கண்டார். வெள்ளிக்கிழமை வரிசையில் வாய் ஓயாமல் கேள்வி கேட்ட அதே பிள்ளை, வகுப்புக் கொப்பியில் ஒரு எழுத்தும் தன் சொந்தமாக எழுதவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ இதில இல்லையே" என்றார்.

சில கிழமைகளில் ஐந்து நாள் பாடசாலை திரும்பியது. அவள் போனாள். பெயர் பதிவேட்டில் இருக்கும், பின்னேரங்களும் சனி ஞாயிறும் எங்களுடையவை என்று ஒத்துக்கொண்டோம். ரியூசன் இல்லை. அதில்தான் அவர் மிகவும் இறங்கி வந்தார், அது எனக்குத் தெரியும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசனுக்கு அனுப்பாத தாய் தகப்பனைக் கொழும்பில் எப்படிப் பார்ப்பார்கள் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் விளங்கும். ஒவ்வொரு தவணை முடிவிலும் இருவரும் இருந்து பேசுவது, அதுவரை ஒருவரும் தனியாக ஒன்றும் செய்வதில்லை. ஒரு வருடத்துக்கு, வாழ்க்கைக்கு என்று முடிவெடுக்கப் போனால் இருவருக்கும் பயம் வந்துவிடுகிறது. ஒரு தவணையை எங்களால் தாங்க முடிந்தது. படிப்பிப்பதில் இருவருக்கும் பங்கு என்பதையும் வைத்துக்கொண்டோம். ஒருவர் படிப்பிக்க மற்றவர் சோதனை வைப்பதுபோல் இருந்தால் அது ஒரு மாதமும் ஓடாது. அவருடைய முதல் வெள்ளிக்கிழமையை நான் கண்டபடியால்தான் இதைச் சொல்கிறேன்.

2024 செப்டெம்பர் 15 அவள் புலமைப்பரிசில் எழுதினாள். சில கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, மாதக்கணக்கில் இழுபட்டு, உயர் நீதிமன்றம் வரை போன அந்தப் பரீட்சைதான். பெறுபேறு வராமல் அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்தபோது, பத்து வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு என்ற என் பழைய கோபம் முழுவதும் திரும்பி வந்தது. இன்றும் போகவில்லை. அவருக்கும் கோபம்தான், ஆனால் பரீட்சையைத் திருத்த வேண்டும் என்கிறார். இந்த இடத்தில் நாங்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ரயில் கொப்பி இரண்டாவது கொப்பிக்குப் போய்விட்டது, அதில் இப்போது மழையும் எழுதுகிறாள்.

2025இல் மகனுடைய முறை வந்தது. 2026 தரம் 1 அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாக்காளர் இடாப்பு, மின்பட்டியல், தண்ணீர்ப்பட்டியல், பிறப்புச் சான்றிதழ் என்று கேட்பார்கள். மேசை முழுக்கக் கடதாசி. இவன் அக்காவைப் போல இல்லை. குறைவாகப் பேசுவான், ஒரு பொருளை எடுத்தால் அதோடு ஒரு மணித்தியாலம் இருப்பான். இவனை நினைத்தால் எனக்கு அந்தக் கடைசி வாங்கு நினைவுக்கு வரும். அதை அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழைத் தேடி அலுமாரிக் கோப்பைத் திறந்தவர், அடியில் இருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். மூன்று வருடம், ஓரம் மஞ்சளாகியிருந்தது. என் கையெழுத்து, பக்கத்தில் அவருடைய வெறும் கோடு. வீசியிருக்கலாம், நானும் வீசவில்லை.

"இதை இன்னும் வச்சிருக்கிறீர்."

"ஓம்."

மகன் மேசைக்கடியில் இருந்து ஒரு பழைய பூட்டைத் திறந்து பூட்டித் திறந்து பூட்டிக்கொண்டிருந்தான். அவர் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, கோப்புக்குள் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, தரம் 1 விண்ணப்பத்தில் மகனின் முழுப்பெயரை எழுதத் தொடங்கினார்.